மனத்துக்கு இசைந்த வைத்தியர்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவர், நெஞ்சுவலியானால் ஊரறியச் சொல்லிவிட்டும், மனோவியாதியானால் உறவினர் வீட்டு விசேஷம் என்று சாக்குச் சொல்லிவிட்டும் பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்பது எனக்குத் தீராத வேதனை. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டுண்டு கிடந்த மனநோயாளிகள் தீக்கிரையாகி 28 உயிர்கள் மாண்ட கோரத்தைக் கண்ட தேசம் இது. சங்கிலியிடுவதை விலக்கி, சிகிச்சையையும் அதன் ரகசியத்தையும் நோயாளியின் உரிமையாக்கிய மனநலச் சட்டம் 2017இல் பிறந்தது. எனினும், தமக்கு இசைந்த வைத்தியரைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற தைரியம் நம்மவருக்கு இன்னும் வரவில்லை.

மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு, சம்பாஷணையின் வாயிலாகவே சிகிச்சை செய்யும் உளவியலாளர் வேறு; பிரமையும் தற்கொலை எண்ணமும் வாட்டுகிறவர் மருத்துவரையே முதலில் நாட வேண்டும். படிப்பு என்ன, பதிவு உண்டா, கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பது ஒருபோதும் அவமரியாதையாகாது. நம் நெல்லைப் பேச்சைப் புரிந்துகொண்டு, ஜாதியையும் குடும்பத்தையும் கிளறாமல், சொல்வதைப் பொறுமையோடு கேட்கிறாரா என்று பாருங்கள். சில சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லையானால், அதை அவரிடமே சொல்லிவிட்டு வேறொருவரிடம் செல்வதில் துரோகம் ஏதுமில்லை. மருந்தை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. பிரயாணத்துக்கு வழியில்லாதவர், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசலாம்.