காலத்தை வென்ற கலை என்று தீர்ப்பளிப்பது யார்?

உயர்ந்த கலை வயதையும் சாதியையும் வர்க்கத்தையும் கடந்து நிற்கும் என்று முதலாளித்துவ விமர்சகர்கள் ஓயாமல் ஓதிவருகின்றனர். ரசனை அவரவர் விருப்பம், அதில் விவாதத்துக்கு இடமில்லை என்று மற்றொரு தரப்பு கைகழுவுகிறது. இரு தரப்பும் செய்யும் வேலை ஒன்றுதான். தீர்ப்பளிப்பவர் எங்கே பிறந்தார், எக்காலத்தில் வளர்ந்தார் என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கின்றனர்.

மராத்தி இலக்கியம் அக்கேள்வியை 1972-இல் நேருக்கு நேர் சந்தித்தது. அவ்வாண்டு நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயின் காமாட்டிபுராவை ஒட்டிய சேரியில் வளர்ந்தவர். டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். அப்போது வயது 23. முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கரோ புகழ்பெற்ற நாடகாசிரியர். மராத்தியைத் தாய்மொழியாகவும் தொழிலாகவும் கொண்டிருந்த அவருக்குத் தொகுப்பின் பல சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. அதை அவர் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே பதிவுசெய்தார். கவிஞரைத் துணைக்கழைத்துக்கொண்டு அத்தெருக்களைச் சுற்றியும் வந்தார். மேட்டுக்குடி வாசகர் பலருக்கு இந்த நேர்மை வாய்க்கவில்லை. தாம் அறியாத சொல்லைக் கொச்சை என்றனர்; தாம் காணாத வாழ்வை ஆபாசம் என்றனர். அவர்கள் ‘தரம்’ என்று அழைத்தது தம் வீட்டுக் கூடத்தின் பேச்சுமொழியைத்தான்.

பின்னணியைப் போலவே வயதும் தீர்ப்பில் பங்குகொள்கிறது. பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய எட்டிப் பாராத அண்ணாபாவ் சாத்தே, 1944-இல் தோழர்களுடன் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். ஊரில் விட்டுவந்த மனைவியை எண்ணி உருகும் தொழிலாளியின் குரலில் அவர் புனைந்த பாட்டு, ஐக்கிய மகாராட்டிரப் போராட்டத்தின் பாட்டாகவே மாறியது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் கலை என்றால் நம்பிக்கை. 1972-இல் தலித் சிறுத்தைகளாகத் திரண்ட இளைஞர்களோ விடுதலையின் வாக்குறுதிகள் பொய்த்ததைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களுக்கு நம்பிக்கைப் பாட்டைவிடத் தசாலின் வசவு உண்மையாக ஒலித்ததில் வியப்பென்ன? (பிற்காலத்தில் சிவசேனையின் பக்கம் சாய்ந்த அவரது அரசியல் கண்டனத்துக்குரியது, ‘கோல்பிட்டா’ அதனால் சிறியதாகிவிடாது.)

அப்படியானால் எல்லாத் தீர்ப்பும் சமம்தானா? இல்லை. கிரேக்கக் கலை அதன் சமூகம் மறைந்த பின்னரும் ஏன் இன்பம் தருகிறது என்பதே விளக்கக் கடினமானது என 1857-இல் மார்க்ஸ் குறித்தார். ரசிக்கும் புலனும் வரலாற்றில் உருவாவதே என்பதும் அவர் கருத்து. உருவானதை மாற்றிப் பயிற்றவும் முடியும். டெண்டுல்கர் 44 வயதில் அதைச் செய்தார்.

இந்த விமர்சனம் எதிரிகளோடு நின்றுவிடக் கூடாது. நமது கலை இரவுகளில் எப்பாடல் ‘மக்கள் கலை’, எது ‘சீரழிவு’ என்று முடிவுசெய்வோர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த, கல்லூரிப் படிப்புள்ள தோழர்கள். தம் இளமையில் கேட்ட பாட்டே புரட்சியின் கடைசிப் பாட்டு என்று அவர்கள் எண்ணுகின்றனர். சேரி இளைஞர்கள் பறையோடு ராப் பாடினால் முகம் சுளிக்கின்றனர். அந்த இளைஞர்களின் சொல் புரியவில்லையென்றால் அவர்களிடமே கேட்கலாமே. தேர்வுக் குழுவில் அவர்களுக்கு இடமளிக்க எந்த அமைப்பு விதி தடுக்கிறது?