வீழாமற் காத்தல்

திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைமீது அமைந்த ஊர் ஜமுனாமரத்தூர். அம்மலைவாழ் மக்கள் சாமை விளைப்பர்; தேன் எடுப்பர்; வேனில் தொடங்குங்கால் புளி உலுக்குவர். நெடுமரத்தின் உச்சிக் கிளையில் வெறுங்காலுடன் நின்று ஒருவர் உலுக்க, ஏனையோர் கீழே பழம் பொறுக்குவர்.

உறுதியான பற்றுக்கோட்டைப் 'புளியங்கொம்பு' என்பது தமிழர் வழக்கு. ஆயினும், உள்ளே உளுத்த கொம்பும் வெளியே நற்கொம்பு போலவே தோன்றும். அது முறிந்தால் ஏறியவரின் திறமை என் செய்யும்? இருபதடி உயரத்தினின்று விழும் உடல் ஒரு நொடிக்குச் சற்று மிகுந்த காலத்தில், மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். விழுந்தவரை நோக்கி, "கவனமாக இருந்திருக்கலாகாதா?" என்று கேட்பது உலக இயல்பு. அக்கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

தொழிற்சாலைகளிலும் இந்நிலையே. கூரையில் வேய்ந்த கல்நார்த் தகடு வலியதுபோல் தோன்றும்; கால் வைத்ததும் உடையும். ஒழுகலை அடைக்க ஏறியவர் கீழேயுள்ள பொறிமீது வீழ்வார். தகட்டின்மேல் நடைபலகை இடாதவர் யார் என்பதன்றோ கேள்வி? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, வீழத்தக்க உயரத்தில் பணிபுரிவோர்க்கு, இயன்றவரை, வேலியாலோ வேறு வகையாலோ காப்பு அமைக்குமாறு விதித்தது. 'விழாதே' என்று தொழிலாளிக்குக் கூறாமல், 'விழ விடாதே' என்று நடத்துவோர்க்குக் கூறியது அச்சட்டம்.

கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1933 முதல் 1937 வரை கோல்டன் கேட் பாலம் கட்டப்பெற்றபொழுது, தளத்தின் அடியில் பெருவலை விரித்தனர். அதில் வீழ்ந்து 19 பேர் உயிர் பிழைத்தனர். அவர்கள் தம்மை நரகத்துக்குப் பாதிவழி சென்று மீண்ட கழகத்தார் என்று கூறி நகைத்தனராம். அத்தனை பேரும் கவனமற்றவர்களா? எனினும், 1937 பிப்ரவரியில் வேலைத்தளம் ஒன்று பெயர்ந்து வலையையும் கிழித்து வீழ, பதின்மர் மாண்டனர். காப்பின் வலிமையும் அளந்தறிதற்குரியதே.

கச்சையும் கயிறும் வேலையைத் தடுக்கும் என்பர் பழகிய தொழிலாளர். இதில் ஓரளவு உண்மையுண்டு. கயிற்றைக் காலடியில் கட்டினால் இடறும். தலைக்கு மேலே உறுதியான இடத்தில் கட்டினால் அத்தொல்லை பெரிதும் குறையும்.

புளியமரத்துக்கு வேலியிட இயலாதுதான். ஆனால், தாழ்ந்த கிளைகளைத் தரையில் நின்றே துரட்டியால் உலுக்கலாம். மேலேறுவோர் தமக்கு மேலுள்ள பருத்த கிளையில் கயிற்றை மாட்டி உடற்கச்சையுடன் பிணைக்கலாம். அக்கச்சையையும் கயிற்றையும் மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவரே, சாக்கும் துரட்டியும் வாங்கும்பொழுது உடன்வாங்கித் தருதல் வேண்டும். ஏறுபவர் தம் நாட்கூலியில் அவற்றை வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது முறையன்று.