‘கிம்ப்’ பெயரை மாற்றினால் என்ன?

போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியலையா? ‘கிம்ப்’ இருக்கே! 1995-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

சிக்கல் பெயரில்தான். ஆங்கிலத்தில் ‘கிம்ப்’ என்பது, கால் ஊனமுற்றவர்களை இழிவுபடுத்தும் சொல். பள்ளி, அலுவலகங்களுக்கு இதை எப்படிப் பரிந்துரைப்பது என்று கேட்ட சிலர், 2019-ல் தனியாகப் பிரிந்து ‘கிளிம்ப்ஸ்’ என்ற பெயரில் அதையே வெளியிட்டார்கள். ஆள் பலம் போதாமல் 2021-ல் அது நின்றுபோனது.

‘பல வருஷமாகப் பழகிய பெயர், மாற்ற மாட்டோம்’ என்பது கிம்ப் குழுவின் நிலைப்பாடு. ஓப்பன் சோர்ஸில் குறும்புப் பெயர்கள் சகஜம்தான். ‘கிட்’ என்பதும் பிரிட்டனில் ஒரு வசவு. ஆனால், அதை வைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் கிண்டலடித்தது தன்னைத்தானே! அடுத்தவர் ஊனத்தைச் சுட்டும் சொல் அப்படியல்ல.

ஃபயர்ஃபாக்ஸ் முதலில் ‘ஃபீனிக்ஸ்’, பிறகு ‘ஃபயர்பேர்ட்’. பெயர்ச் சிக்கல் வந்ததும் 2004-க்குள் இரண்டு முறை மாற்றினார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கிம்ப் குழுவுக்கு இது தாமதம்தான், ஆனாலும் யோசிக்கலாம். எல்லோருக்கும் இலவசம் என்று கொடுக்கும் பொருளின் பெயர், யாரையும் வாசலிலேயே நிறுத்தக் கூடாது இல்லையா?