சேற்றையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை வந்தால் பாலாற்றில் நுரை பொங்குவதும், அது படத்தோடு செய்தியாவதும் எங்கள் ஊர்ப் பக்கம் வாடிக்கையாகிவிட்டது. அதிகாரிகள் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், ஆய்வுக்கு அனுப்பினார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் பறவை பார்க்கிறவன் என்ற முறையில் இதில் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வலசைப் பறவைகள் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளான், பொரி உள்ளான் என்னும் வலசைப் பறவைகள் அதுவரை காத்திருப்பதில்லை. வடக்கே, பொரி உள்ளான் என்றால் சைபீரியா வரையிலும், குஞ்சு பொரித்த கையோடு கிளம்பி ஆடி, ஆவணியிலேயே இங்கு தலைகாட்டும். மூத்தவை முன்னே வர, அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால் வந்து சேரும். வெயில் ஏறுமுன் ஆற்றில் இறங்கினால், மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய நீரோரம் உள்ளான் பின்புறத்தை ஆட்டி ஆட்டி இரை பொறுக்குவதைப் பார்க்கலாம்.

இதே வாரங்களில்தான் இங்கே மாலை இடிமழையும். மழை இரவுகளைப் பயன்படுத்திச் சில தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைத் திறந்துவிடுகின்றன என்பது கரையோர மக்களின் நெடுநாள் புகார். மறுநாள் எடுக்கும் தண்ணீரில் மழைநீர் கலந்து எல்லாம் நீர்த்துவிடும். ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் தண்ணீரோடு முழுதும் ஓடிவிடுவதில்லை. பெரும்பகுதி சேற்றில் படிகிறது. உள்ளான் அலகை விடுவது அந்தச் சேற்றில்தான். அதே மணலுக்கு அடியிலிருந்துதான் நம் கிணறுகளுக்கும் ஊற்று வருகிறது.

இந்தத் தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு இன்று சட்ட மாணவர்களுக்குப் பாடம். ஆனால் 30.1.2025 அன்றும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பெழுதி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு ஆற்றில் எவ்வளவு அமலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அதை நம்பி உலையேற்றும் குடும்பங்கள் ஏராளம். கேட்பது மூன்றே. ஒன்று, ஆடி முதல் புரட்டாசி வரை மழை பெய்யும் இரவிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீர் வாய்க்கால்களைக் கண்காணிக்க வேண்டும். இரண்டு, தண்ணீரோடு ஆற்றுச் சேற்றிலும் குரோமியத்தை அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட வேண்டும். மூன்று, வனத்துறையின் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே நடக்கிறது; ஆகஸ்டில் வந்து போகிறவை அதில் சேருவதில்லை. பாலாற்றில் ஆகஸ்டிலும் ஒரு கணக்கெடுப்பு வேண்டும்.

இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. வரும் ஆடிக்குள் பாலாற்றங்கரை மாவட்டங்களின் ஆட்சியர்கள் இதற்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை வாசகன்,
ஆம்பூர்.