சைலேஜ் மூட்டையில் கெட்ட வாடை ஏன்?

கேள்வி: கோ-4 புல்லை நறுக்கி மூட்டையில் அடைத்து, 45 நாள் கழித்துப் பிரித்தால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கிறது. கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கறவை மாட்டுக்கும் வேண்டாம். எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

புல்லில் உள்ள சர்க்கரையைத் தின்றுதான் பாக்டீரியாக்கள் ஆற்றல் பெறுகின்றன. காற்று இல்லாத மூட்டைக்குள் அவற்றால் சர்க்கரையை முழுவதும் எரிக்க முடியாது. கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அமிலமாக வெளியே விடும். இதுதான் நொதித்தல். எந்த பாக்டீரியா ஜெயிக்கிறதோ, அதைப் பொறுத்துத் தீவனம் அமையும்.

முதல் வகை, ஒரு குளுக்கோஸை 2 லாக்டிக் அமிலமாக மாற்றும். சத்து அதிகம் வீணாகாது. புளிப்பு சீக்கிரம் ஏறும். இரண்டாவது வகை, ஒரு லாக்டிக் அமிலத்தோடு ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இந்த வகைதான். மூட்டையில் இது பெருகினால் தீவனத்தின் எடை கொஞ்சம் குறையும்.

மூன்றாவது, கிளாஸ்ட்ரிடியம். மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. இது லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்ரிக் அமிலமாக மாற்றும். அந்த வாடைதான் உங்கள் மூட்டையில் வந்தது. புளிப்பு குறைவதால் புரதமும் அழுகும். கன்று ஈன்ற மாட்டுக்குக் கொடுத்தால் கீட்டோசிஸ் நோய் வரும் அபாயம் கூடும். ஏற்கெனவே கொடுத்து, மாடு தீனி எடுக்காமல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈரம் அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்கும்போது கிளாஸ்ட்ரிடியம் ஜெயிக்கும். இளம் கோ-4 புல்லில் இரண்டுமே உண்டு. அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்:

1. மண் ஒட்டாமல் அறுத்து, அரை நாளாவது வாட விடுங்கள். ஈரம் 65 முதல் 70 சதவிகிதம் போதும்.

2. நறுக்கிய புல்லைக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். உருண்டை மெல்லப் பிரிந்தால் பதம் சரி.

3. 100 கிலோ புல்லுக்கு 1 முதல் 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளியுங்கள். முதல் வகை பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி.

4. நன்றாக மிதித்து, காற்றை வெளியேற்றி, அன்றே இறுக்கிக் கட்டுங்கள். காற்று புகுந்தால் பூசணம் பிடித்து மூட்டை சூடாகும்.

நல்ல சைலேஜில் தயிர் போலப் புளிப்பு வாடை வரும், கையில் பிசுபிசுக்காது. மூட்டையைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாட்டின் முன் வைக்காதீர்கள்.