புள்ளி இல்லாத இடத்தில் பறவை இல்லையா?

கார்த்திகை தீபத்தன்று நம் மலையை எத்தனை இலட்சம் பேர் வலம் வந்தனர் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதே மலையில் எத்தனை பறவைகள் வாழ்கின்றன என்று கேட்டால், நம்மில் யாருக்குத் தெரியும்?

இவ்வாண்டு அறிவியல் வகுப்பில் சிஸ்டர் கணினியில் ஒரு வரைபடம் காட்டினார். நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே 2012-ஆம் ஆண்டில் அமூர் வல்லூறுகள் ஆயிரமாயிரமாக வலைவீசிக் கொல்லப்பட்டன. மறு ஆண்டே அவ்வூர் மக்கள் வேட்டையைக் கைவிட்டனர். 2013 நவம்பரில் அறிஞர்கள் மூன்று பறவைகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டனர். வரைபடத்தின் அடியில் நாளை நகர்த்த நகர்த்த, புள்ளி அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. வகுப்பே வாய் மூடிப் பார்த்தது. (எங்கள் வகுப்பை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்!)

அடுத்து வந்தது தமிழ்நாட்டு வரைபடம். பறவை பார்ப்பவர்கள் 'ஈபேர்ட்' என்னும் பொதுப் பதிவேட்டில் எழுதியவை அதில் புள்ளிகளாக இருந்தன. 2010-இல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த புள்ளிகள் 2015-க்குப் பின் மளமளவென்று பெருகின. "பறவைகள் பெருகிவிட்டன!" என்று என் தோழி கைதட்டினாள். நானும் தட்டினேன். பெருகியவை பறவைகள் அல்ல, எண்ணியவர்கள் என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆகவே அறிஞர்கள் புள்ளிகளை மட்டும் எண்ணுவதில்லை; நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவ்வாறு கணக்கிட்டதில், பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று 2020-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கே புள்ளிகளும் அதிகம். சமுத்திரம் ஏரியில் தண்ணீர் நிற்கும் நாட்களில் நிற்கிற கொக்கை எழுதி வைக்க ஆளில்லாவிட்டால், வரைபடத்தில் அந்த ஏரி வெறுமையாகவே கிடக்கும். நாளை அந்தக் கொக்கு வராமற்போனாலும், முன்பு வந்தது என்பதற்குச் சான்று இராது. எனக்கு இதுதான் பெரும் கவலை.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டவற்றையெல்லாம் எழுதினால் போதும். நம் பள்ளியும் இதில் சேரவேண்டும் என்பது என் கருத்து. ஒருமுறை போய்விட்டு மறந்துவிடுவதில் பயனில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே இடம், அதே நேரம். காக்கையையும் எழுதவேண்டும், அதை எளிதென்று விட்டுவிடக் கூடாது. நாங்கள் அடுத்த ஆண்டு வகுப்பு மாறினாலும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் நோட்டுப் புத்தகத்தைத் தொடரலாம்.

பொதுத் தேர்வு நெருங்கும்போது பறவை பார்க்கப் போவதா என்று பெற்றோர் கேட்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் கேட்டார். பொங்கலன்று வாசலில் கோலம் போட ஆள் வேண்டுமாம். ஏழு மணிக்குள் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.