கருவி வந்தால் போதுமா?

தில்லி பள்ளிகளில் 5 முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 9,900 மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து, எய்ம்ஸ் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு அதிர்ச்சி தரக்கூடியது. 100-க்கு 13 பேருக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு இருந்தது. அவர்களில் தகுந்த கண்ணாடி அணிந்திருந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. நாட்டின் முதன்மையான கண் மருத்துவ மையங்களுள் ஒன்று அமைந்துள்ள தலைநகரிலேயே இந்த நிலை என்பது கவலைக்குரியது.

கரும்பலகையில் இருப்பது தெரியவில்லை என்று குழந்தை சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறது. படிப்பில் பின்தங்கும்போது 'மந்தம்' என்ற பட்டம்தான் மிஞ்சுகிறது. நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்கப் பெற்றோரால் இயலாதபோது, பரிசோதனை குழந்தையைத் தேடிச் செல்வதுதான் முறை.

அதற்கு வழிசெய்யும் கையடக்கக் கருவிகள் இன்று வந்துவிட்டன. ஒரு மீட்டர் தொலைவிலிருந்து கேமராவைப்போலக் காட்டினாலே, சில விநாடிகளில் கண்ணின் குறைபாட்டைக் கணித்துச் சொல்லும் கருவிகள் உண்டு. செல்போன் திரையிலேயே பார்வைத் திறனை அளக்கவும் முடியும். எழுத்து அறியாத அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால் மூளை அக்கண்ணைப் புறக்கணித்துவிடுகிறது. 'சோம்பேறிக் கண்' எனப்படும் இக்குறையை 7, 8 வயதுக்குள் கண்டறியாவிட்டால், பின்னர் சரிசெய்வது கடினம்.

ஆனால், கருவி காட்டும் எண்ணையே மருந்துச் சீட்டாகக் கொள்ளலாகாது. குழந்தைகளின் கண் தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்வதால், சொட்டு மருந்து இடாமல் அளக்கும்போது கிட்டப்பார்வை கூடுதலாகத் தெரியக்கூடும். சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துக் காட்டுவதே கருவியின் வேலை. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

அதனினும் முக்கியமானது, கண்டறிந்த பின் என்ன நடக்கிறது என்பது. கென்யாவில் 50 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வு இதற்குப் பாடம். வழக்கமான முறையில் அனுப்பப்பட்ட குழந்தைகளில் 22 சதவீதத்தினரே மருத்துவமனைக்குச் சென்றனர். செல்போன் வழியே பரிசோதித்து, குழந்தைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் பெற்றோருக்குப் படமாகக் காட்டி, குறுஞ்செய்தியிலும் நினைவூட்டியபோது அது 54 சதவீதமாக உயர்ந்தது. அப்போதும் ஏறத்தாழப் பாதிப்பேர் போகவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தியாவுக்குத் திட்டங்களில் பஞ்சமில்லை. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-லும், குழந்தைகள் நலப் பரிசோதனைக்கான ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரமம் 2013-லும் தொடங்கப்பட்டன. தமிழகத்தில் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009-ல் வந்தது. தில்லியின் சிக்கல் வேறு. அங்கன்வாடிகள் தில்லி அரசிடமும், பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் மாநகராட்சியிடமும், மேல்நிலைப் பள்ளிகள் மீண்டும் தில்லி அரசிடமும், கேந்திரிய வித்யாலயங்களும் எய்ம்ஸும் மத்திய அரசிடமும் இருக்கின்றன. ஒரு குழந்தை வளர வளர அதன் கண்ணுக்குப் பொறுப்பாளர் மாறிக்கொண்டே இருக்கிறார். சோம்பேறிக் கண்ணுக்குச் சிகிச்சை பெற வேண்டிய பருவம், இந்த இடைவெளியிலேயே கழிந்துவிடக்கூடும்.

எனவே, கருவி வாங்க ஒதுக்கும் நிதியோடு, மருத்துவர் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆயத்தக் கண்ணாடிகளே போதும் என்பதை, பெங்களூருவில் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. அத்தகையோருக்குப் பள்ளியிலேயே கண்ணாடி வழங்கத் தடையில்லை. அங்கன்வாடியில் தொடங்கும் பதிவு, பள்ளி மாறினாலும் குழந்தையைத் தொடர வேண்டும். மூன்று நிர்வாகங்களுக்கும் பொதுவான ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும்.

எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம் என்பது விளம்பரத்துக்கு உதவும் கணக்கு. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் கண்ணாடி அணிந்து வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே, சட்டப்பேரவையிலும் மாநகராட்சி மன்றத்திலும் ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டிய கணக்கு.